வளர்ற ஊர்ல ஒரு பையனுக்கு மனசு சரியில்லனா எந்த கதவ தட்டுவான்? இளைஞர் திட்டத்துக்கு கருத்து கேக்குறாங்க, பேசலாம் வாங்க

மாடிப்படி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுமையா படிங்க.

எங்க மாநகராட்சில அடுத்த அஞ்சு வருஷத்துக்கு இளைஞர் நலத்திட்டம்னு ஒரு வரைவு விட்டிருக்காங்க, பொதுமக்கள் கருத்து சொல்ல ஒரு மாசம் டைம். முழுசா படிச்சேன். புது விளையாட்டு அரங்கம், வருஷா வருஷம் இளைஞர் விழா, திறன் போட்டி, மனநல விழிப்புணர்வு வாரம். எல்லாம் நல்லதுதான். ஆனா ஒரு பையன் இன்னிக்கு சாயங்காலம் மனசு உடைஞ்சு போய் வீட்ட விட்டு வெளிய வந்தான்னா எங்க போவான்ங்கிறதுக்கு அந்த நாப்பது பக்கத்துல ஒரு வரி இல்ல.

நான் ஆறு வருஷமா ஊர் எல்லைல ஒரு சமுதாய கூடத்துல சாயங்கால நேரம் தன்னார்வலரா இருக்கேன். நான் சேந்தப்போ சுத்தி காலி நிலம். இப்போ பாத்த எடமெல்லாம் அடுக்குமாடி. வேலைக்காக எங்கெங்கேருந்தோ வந்து குடியேறுன குடும்பங்க, பெத்தவங்க ரெண்டு பேரும் வேலைக்கு போயிட்டு ராத்திரிதான் வராங்க, பசங்களுக்கு பழைய கூட்டாளிங்க இல்ல, தாத்தா பாட்டி பக்கத்துல இல்ல, எதிர்வீட்டுல யாரு இருக்காங்கனுகூட தெரியாது. வீடு கட்டுற வேகத்துல வேற எதுவும் இங்க வரல.

போன வருஷம் 16 வயசு பையன் ஒருத்தன் தெனமும் வருவான். விளையாட மாட்டான். டேபிள் டென்னிஸ் மட்டைய எடுத்து மடில வச்சிக்கிட்டு அந்த ரப்பர் ஓரம் பிரிஞ்சிருக்குமே, அத கட்டைவிரலால அமுக்கி அமுக்கி ஒட்டிக்கிட்டே உக்காந்திருப்பான். மூணு வாரம் கழிச்சு ஒருநாள் நான் பூட்டப்போற நேரத்துல "அண்ணா, தூக்கமே வரல, ரெண்டு மாசமா"னான். அவ்ளோதான் சொன்னான். எனக்கு தெரிஞ்ச ஒரு மனநல மையத்தோட நம்பர ஒரு துண்டு பேப்பர்ல எழுதி குடுத்தேன், போன் பண்ணு தம்பி நல்லவங்கனு சொன்னேன். பெரிய காரியம் பண்ணிட்டதா நெனச்சேன்.

அஞ்சு வாரம் கழிச்சு அவன் மொபைல் கவர கழட்டி தொடச்சிட்டு இருந்தான். அந்த பேப்பர் நாலா மடிச்சு கவருக்குள்ளயே இருந்துச்சு. மடிப்பு ஓரம் எல்லாம் நைஞ்சு போயிருந்துச்சு, அப்போ எத்தன தடவ எடுத்து பாத்திருப்பான்னு நெனச்சுக்கோங்க. ஏன்டா பண்ணலனு கேட்டேன். "யாரு எடுப்பாங்க, எடுத்தா மொதல்ல என்ன சொல்லணும்னு தெரியல அண்ணா"னான்.

அன்னிக்கே பக்கத்துல உக்காந்து சேந்து போன் பண்ணோம். ஏழு வாரம் கழிச்சு தேதி குடுத்தாங்க.

அந்த அஞ்சு வாரமும் இந்த ஏழு வாரமும்தான் என் கேள்வி. நம்பர் இருக்கு, மையம் இருக்கு, டாக்டர் இருக்காங்க, ஆனா பையனுக்கும் அவங்களுக்கும் நடுவுல கைய பிடிச்சு கூட்டிட்டு போக யாருமே இல்ல. இதுக்கு திட்டத்துல என்ன எழுத சொல்லலாம்? உங்க அனுபவத்த சொல்லுங்க.

நாலாவதுபீரியட்

நான் ஸ்கூல் கவுன்சிலர், பதினோரு வருஷமா. உங்க பதிவ ரெண்டு தடவ படிச்சேன்.

மொதல்ல எண்ணிக்கை. அமெரிக்க பள்ளி கவுன்சிலர்கள் சங்கம் 250 மாணவர்களுக்கு ஒரு கவுன்சிலர்னு பரிந்துரைக்குது. நான் ஒரே ஆளா 1,900 பேருக்கு இருக்கேன், அதுவும் வாரத்துல மூணு நாள். இதுல அட்மிஷன் நேரத்துல ஆபீஸ் வேலைக்கும் கூப்புடுவாங்க.

ரெண்டாவது ரூம். சொன்னா சின்ன விஷயம் மாதிரி இருக்கும். என் ரூம் முதல்வர் அறைக்கு பக்கத்துல இருந்துச்சு, கண்ணாடி கதவு. யாரு உள்ள போனாலும் வராண்டாவுல இருக்குற எல்லாருக்கும் தெரியும். போதாததுக்கு வகுப்புக்கு ஆள் அனுப்பி "இந்த பொண்ண கவுன்சிலர் கூப்புடுறாங்க"னு எல்லார் முன்னாடியும் சொல்லுவாங்க. வருஷம் பூரா தானா வந்தவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். சண்டை போட்டு ரூம நூலகத்துக்கு பின்னாடி மாத்தி வாங்கினேன். நூலகத்துக்கு போறதா சொல்லிட்டு யாரு வேணா வரலாம். அந்த வருஷத்துலேருந்து மதிய இடைவேளைல எனக்கு சாப்பிட நேரம் கெடைக்கிறது இல்ல, அவ்ளோ பேர் தானா வராங்க. பட்ஜெட் ஒரு பைசா கூடல.

அதனால திட்டத்துல கட்டடம் கேக்குறதுக்கு முன்னாடி, இருக்குற கட்டடத்துல எந்த கதவு எந்த பக்கம் திறக்குதுனு பாக்க சொல்லுங்க.

கடைசிபஸ்

எனக்கு 19. வரைவு எழுதுனவங்க எங்க வயசுல ஒரு ஆள்கிட்டயாவது உக்காந்து பேசினாங்களானு தெரியல.

மையம் காலைல ஒம்போதுலேருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். அந்த நேரம் ஸ்கூல், காலேஜ். லீவு போட்டா வீட்டுக்கு மெசேஜ் போயிடும். சாயங்காலம் கிளம்புனா ரெண்டு பஸ் மாறி போகணும், திரும்பி வர கடைசி பஸ் எட்டரைக்கு. புது குடியிருப்புங்க பக்கம் பஸ்ஸே உள்ள வராது, மெயின் ரோட்ல எறங்கி நடக்கணும், பொண்ணுங்கள அந்த இருட்டுல வீட்ல அனுப்புவாங்களா? மனநல வசதிக்கு தடை என்னனு கேட்டா எல்லாரும் கூச்சம், வெட்கம்னு சொல்றாங்க. எனக்கு கூச்சம் இல்ல. எனக்கு பஸ் இல்ல.

அப்புறம் அந்த விழா, போட்டி. பேச்சுப்போட்டிக்கு யாரு வருவா, ஏற்கனவே நல்லா பேசுறவன் வருவான். ஓட்டப்பந்தயத்துக்கு ஏற்கனவே ஓடுறவன். மேடை ஏறாதவன், எதுலயும் ஜெயிக்காதவன், சும்மா வந்து ஒரு ஓரமா உக்காரணும்னு நெனைக்கிறவனுக்கு எடம் எங்க? மாடிப்படி அண்ணா, உங்க கூடத்துல மட்டைய மடில வச்சிட்டு மூணு வாரம் சும்மா உக்காந்திருக்க விட்டீங்கல்ல, அதான் அவன் பேசினான். பேர் குடு, ஃபார்ம் நிரப்பு, எந்த விளையாட்டுல சேரப்போறனு கேட்டிருந்தா மறுநாளே வந்திருக்க மாட்டான்.

வரிகட்டுறவன்

எல்லாரும் உணர்ச்சியா எழுதுறீங்க, மதிக்கிறேன். ஆனா வேற மாதிரி யோசிக்கிறவனும் இங்க ஒருத்தன் வேணும்.

எங்க பகுதில பாதி தெருவுக்கு வடிகால் இல்ல. மழை பேஞ்சா முட்டி அளவு தண்ணி. ஊர் வளர்ற வேகத்துக்கு மாநகராட்சிகிட்ட பணம் இல்ல. இந்த நெலமைல மனநலத்துக்குனு பெருசா ஒதுக்குனா அது கருத்தரங்கம், பேனர், டி-சர்ட்னுதான் போகும், இதுக்கு முன்னாடி பல திட்டத்துல பாத்தாச்சு. இன்னொன்னு, இந்த வயசுல சோகம், கோவம், தூக்கம் வராம இருக்குறது எல்லாமே வியாதியா? எல்லாத்துக்கும் பேர் வச்சு பசங்கள நோயாளி ஆக்கிடுவோமோனு எனக்கு உண்மையாவே பயம் இருக்கு. எனக்கும் ரெண்டு பசங்க இருக்காங்க.

கணக்குப்பாக்குறவ

வரிகட்டுறவன் சார், உங்க சந்தேகம் நியாயமானது, நான் பொது சுகாதார புள்ளிவிவரத்துல வேலை பாக்குறேன், ரெண்டு பக்கமும் சொல்றேன்.

உலக சுகாதார நிறுவனம் சொல்றது 10லேருந்து 19 வயசுக்குள்ள ஏழுல ஒருத்தருக்கு ஏதோ ஒரு மனநல பிரச்சன இருக்குனு. அதவிட முக்கியம் எப்போ ஆரம்பிக்குதுங்கிறது. 2021ல வந்த ஒரு ஆய்வு, 192 ஆய்வுகள, 7 லட்சம் பேருக்கு மேல உள்ள தரவ ஒண்ணா சேத்து பாத்தது. மனநல பிரச்சன வர்றவங்கள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல 14 வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு, கிட்டத்தட்ட பாதி பேருக்கு 18க்கு முன்னாடி, நூத்துக்கு 62 பேருக்கு 25க்கு முன்னாடி. அதிகமா ஆரம்பிக்கிற வயசு பதினாலரை.

இப்போ நம்ம ஏற்பாட்ட பாருங்க. பெரும்பாலான எடத்துல 18 ஆனதும் குழந்தைங்க பிரிவுலேருந்து பெரியவங்க பிரிவுக்கு மாத்திடுவாங்க. ரெண்டு வருஷமா ஒரு டாக்டர்கிட்ட பேசி பழகின பொண்ணு பிறந்தநாள் அன்னிக்கு திடீர்னு வேற கட்டடம், வேற டாக்டர், மறுபடி மொதல்லேருந்து கதை சொல்லணும். அதே நேரத்துலதான் ஸ்கூல் முடியுது, வீடு மாறுது, வேலை தேடுறாங்க. நிறைய பேர் அங்கதான் விட்டுட்டு போயிடுறாங்க. ஆஸ்திரேலியால 2006ல ஹெட்ஸ்பேஸ்னு ஆரம்பிச்சப்போ 12லேருந்து 25 வயசு வரைக்கும் ஒரே எடம்னு வச்சதுக்கு காரணம் இதுதான். கவுன்சிலிங், சாதாரண டாக்டர், வேலை படிப்பு உதவி, போதை பழக்கத்துக்கு உதவி எல்லாம் ஒரே கூரைக்கு கீழ. உள்ள போறவன் எதுக்கு போறான்னு வெளிய இருக்குறவனுக்கு தெரியாது. கனடால பிரிட்டிஷ் கொலம்பியால ஃபவுண்ட்ரினு இதே மாதிரி 12லேருந்து 24 வரைக்கும் நடத்துறாங்க. குறையும் சொல்லணும், ஹெட்ஸ்பேஸ்ல காத்திருப்பு நீளமா இருக்குனும், லேசான பிரச்சனைக்கும் ஆஸ்பத்திரில சேக்குற அளவுக்கு முத்தின பிரச்சனைக்கும் நடுவுல இருக்குறவங்களுக்கு சரியான கவனிப்பு கெடைக்கலனும் அங்கயே விமர்சனம் இருக்கு.

பணம் வீணாகும்னு சொன்னீங்கல்ல, ஆமா வீணாகும், தப்பான எடத்துல போட்டா. பிரிட்டன்ல 84 பள்ளிக்கூடத்துல 8,000 பசங்களுக்கு மேல வச்சு ஒரு ஆய்வு, பாதி பள்ளிக்கூடத்துல மட்டும் மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இந்த நிமிஷத்துல மனச நிறுத்தி கவனிக்கிற பயிற்சிய பாடமா நடத்தி பாத்தாங்க, 2022ல முடிவு வந்துச்சு, வழக்கமா நடக்குற பாடத்தவிட பெருசா எந்த பலனும் இல்ல. நல்ல நோக்கம், நல்ல செலவு, பலன் இல்ல. அதனால எது வேலை செஞ்சிருக்குனு பாத்து கேக்கணும்ங்கிறதுல நான் உங்க பக்கம்தான் சார்.

பழையகோச்

வாலிபால் கோச், இருபது வருஷம். வியாதியா சோகமானு எப்படி கண்டுபுடிக்கிறதுனு வரிகட்டுறவன் கேட்டதுக்கு எனக்கு தெரிஞ்ச மாதிரி சொல்றேன். எனக்கு வியாதி பேரெல்லாம் தெரியாது. ஒரு பையன் வழக்கமா எப்படி இருப்பான்னு தெரியும். என்கிட்ட ஒரு பொண்ணு இருந்தா, ஷூ லேஸ் ரெட்டை முடிச்சு போட்டு ஒழுங்கா செருகித்தான் கோர்ட்டுக்குள்ள வருவா. ஒரு மாசம் லேஸ் அவுந்தபடியே ஆடினா. மிதிச்சு விழுவன்னு சொன்னேன், "பரவால்ல சார்"னா. அந்த பரவால்லதான் என்ன உலுக்குச்சு. தோத்தா அழுவுற பொண்ணு அவ.

அந்த நேரம் எனக்கு என்ன பண்ணணும்னு தெரியல, அவ அம்மாகிட்ட சொன்னேன், அவங்க அவள திட்டி பிராக்டிஸையே நிறுத்திட்டாங்க. நான் பண்ணது தப்பு. அவகிட்ட மொதல்ல பேசியிருக்கணும். ரெண்டு வருஷம் கழிச்சு மனநல முதலுதவினு ஒரு ரெண்டு நாள் பயிற்சிக்கு போனேன், 2000ல ஆஸ்திரேலியால ஆரம்பிச்சது, இப்போ பல நாட்டுல நடக்குது. அங்க கத்துக்கிட்டது, நேரா கேக்கலாம். "சாகணும்னு தோணுதா"னு கேட்டா அந்த எண்ணத்த நாம கெளப்பி விட்டுடுவோம்னு நான் பயந்துட்டு இருந்தேன், அப்படி ஆகாது, கேட்டா பெரும்பாலும் அவங்களுக்கு பாரம் எறங்குது. கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு கேக்கணும், அறிவுரை ஆரம்பிச்சிடக்கூடாது. தனியா விடக்கூடாது. அடுத்த ஆள்கிட்ட சேக்குற வரைக்கும் கூட இருக்கணும்.

கோச், நூலகர், டியூஷன் டீச்சர், பஸ் கண்டக்டர் எல்லாருக்கும் இந்த பயிற்சி கட்டாயம்னு திட்டத்துல எழுத சொல்லுங்க.

கணக்குப்பாக்குறவ

கோச் சார், உங்க அந்த லேஸ் விஷயம் மனச என்னமோ பண்ணுது. ஆனா ஒண்ணு மட்டும் சேத்து சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. பெரியவங்களுக்கு பயிற்சி குடுத்தா மட்டும் போதாதுங்கிறதுக்கு ஆதாரம் இருக்கு. ஐரோப்பால பத்து நாட்டுல 168 பள்ளிக்கூடம், 11,110 பசங்க, 2015ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு. மூணு விதமா பிரிச்சு பாத்தாங்க. ஆசிரியர்களுக்கு பயிற்சி குடுத்தது ஒண்ணு, நிபுணர்கள் பசங்கள பரிசோதிச்சு யாருக்கு உதவி வேணும்னு எடுத்தது ஒண்ணு, மூணாவது பசங்களே நாலு வாரத்துல அஞ்சு மணி நேரம் உக்காந்து நடிச்சு காட்டி பேசி, நண்பனுக்கு இப்படி ஆனா என்ன பண்ணலாம், வீட்ல சண்டைனா என்ன பண்ணலாம்னு அலசினது. ஒரு வருஷம் கழிச்சு பாத்தா, இந்த மூணும் இல்லாம ஒப்பிட வச்சிருந்த பள்ளிக்கூடங்களவிட மூணாவதுலதான் தற்கொல முயற்சி பாதி அளவுக்கு கொறவா இருந்துச்சு. மத்த ரெண்டுலயும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல.

ஏன்னா பையன் மொதல்ல சொல்றது பெரியவங்ககிட்ட இல்ல, பக்கத்து பெஞ்ச் கூட்டாளிகிட்ட. அந்த கூட்டாளிக்கு என்ன பண்ணணும்னு தெரியணும்.

பழையகோச்

தப்பா எடுத்துக்கல மேடம். சரியாதான் சொல்றீங்க. என் டீம்ல அவ மொதல்ல லிபரோகிட்டதான், அதாவது பின்னாடி நின்னு பந்த தடுத்து எடுக்குற பொண்ணுகிட்டதான் சொல்லியிருக்கா, அந்த பொண்ணு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு தவிச்சிட்டு இருந்திருக்கா. பெரியவங்க, பசங்க ரெண்டு பேருக்கும் பயிற்சி வேணும்.

ரெண்டுபிள்ளைங்கஅம்மா

நான் இத எழுதலாமா வேணாமானு ரெண்டு நாளா யோசிச்சேன். கோச் சார் சொன்ன அந்த அம்மா மாதிரிதான் நானும். என் பொண்ணு 15 வயசுல கைய கீறிக்கிட்டா, நான் பாத்ததும் மொதல்ல பண்ணது அவ போன புடுங்கினது. பயத்துல பண்ணேன். அப்போ எனக்கு கோவத்துக்கும் பயத்துக்கும் வித்தியாசம் தெரியல.

ஆனா எனக்கு ஒரு கேள்வி இருக்கு. எல்லாரும் பசங்க தனியா போயி பேசட்டும், ரகசியம் காக்கணும்னு சொல்றீங்க. பெத்தவளுக்கு தெரியாம என் பொண்ணு யார்கிட்ட என்ன பேசுறா, என்ன மாத்திரை குடுக்குறாங்கனு எனக்கு தெரிய வேணாமா? நாளைக்கு ஏதாவது ஆச்சுனா நான்தான தாங்கணும்?

மெதுவாபேசு

அக்கா, எழுதினதுக்கு நன்றி. நான் மருத்துவ உளவியல் கடைசி வருஷம், மேற்பார்வைல பசங்கள பாக்குறேன். உங்க கேள்விக்கு முழுசா பதில் சொல்றேன், ஏன்னா இத யாரும் பெத்தவங்களுக்கு வெளக்குறதே இல்ல.

ரகசியம்னா எல்லாத்தையும் மறைக்கிறது இல்ல. மொதல் நாளே பெத்தவங்களயும் பிள்ளையயும் ஒண்ணா உக்கார வச்சு எல்லைய சொல்லிடுவோம். உயிருக்கு ஆபத்துனா சொல்லுவோம், யாராவது கொடுமைப்படுத்துறாங்கனா சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லுவோம், மாத்திரை விஷயம் டாக்டர் பொதுவா உங்ககிட்ட பேசாம முடிவு பண்ண மாட்டாங்க, எந்த வயசுல யாரோட சம்மதம் வேணும்ங்கிற விதி நாட்டுக்கு நாடு மாறும். ஆனா யார புடிக்கும், யாரோட சண்டை, அம்மா மேல என்ன கோவம், இதெல்லாம் அவளோடது. அது அங்கேயே இருக்கும்னு தெரிஞ்சாதான் அவ ஆபத்தான விஷயத்தையும் சொல்லுவா.

எங்க பயிற்சில ஒரு பழக்கம் கத்துக்கிட்டேன். முடிக்கிற அஞ்சு நிமிஷத்துல "இன்னிக்கு பேசினதுல வீட்ல எத சொல்லலாம், எப்படி சொல்லலாம்"னு பிள்ளைகிட்டயே கேப்போம். பல நேரம் அவங்களே "அம்மாவ கூப்புடுங்க, நானே சொல்றேன்"னுவாங்க. அக்கா, நீங்க போன புடுங்குனப்போ உங்க கையும் நடுங்கியிருக்கும்ல. அதுக்கும் ஒரு எடம் வேணும். பசங்களுக்கு மட்டும் மையம் வச்சு வெளில காத்திருக்குற பெத்தவங்களுக்கு ஒரு நாற்காலி மட்டும் போட்டா அது பாதி வேலை.

ரெண்டுபிள்ளைங்கஅம்மா

ஆமாம்மா. கை நடுங்குச்சு. இத இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதில்ல.

வெள்ளைகோட்டுஇல்ல

நர்ஸ், ஆரம்ப சுகாதாரத்துல இருக்கேன். மேல எல்லாரும் நிபுணர் எங்க, டாக்டர் எங்கனு கேக்குறீங்க. வளர்ற ஊருக்கு தேவையான அளவு மனநல டாக்டர் அடுத்த இருபது வருஷத்துக்கும் கெடைக்க மாட்டாங்க, படிச்சு வரவே பல வருஷம் ஆகும். அதனால வேற வழி பாத்த ஊர் ஒண்ண சொல்றேன்.

ஜிம்பாப்வேல டிக்சன் சிபாண்டானு ஒரு மனநல மருத்துவர். நாடு முழுக்க விரல் விட்டு எண்ற அளவுக்குதான் மனநல மருத்துவர்கள். 2006ல ஹராரேல ம்பாரேங்கிற பகுதில 14 பாட்டிமார்கள வச்சு ஆரம்பிச்சார். சுகாதார நிலையத்துக்கு வெளிய மரத்தடில ஒரு மர பெஞ்ச். அவ்ளோதான். ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச்னு பேரு. பாட்டிங்க "மன அழுத்தம்"ங்கிற வார்த்தையே பேச மாட்டாங்க, அந்த ஊர் ஷோனா மொழில குஃபுங்கிசிசானு ஒரு சொல் இருக்கு, அளவுக்கு மீறி யோசிச்சு யோசிச்சு நொந்து போறதுனு அர்த்தம், அத வச்சுதான் பேச ஆரம்பிப்பாங்க. எல்லா பிரச்சனையும் கொட்ட சொல்லி, அதுல ஒண்ண மட்டும் எடுத்து, இந்த வாரம் இதுக்கு என்ன பண்ணலாம்னு அவங்க வாயாலயே சொல்ல வைப்பாங்க. 573 பேர வச்சு ஆய்வு பண்ணி 2016ல அமெரிக்க மருத்துவ சங்க இதழ்ல வந்துச்சு, வழக்கமான கவனிப்பு கெடச்சவங்களவிட பெஞ்ச்ல உக்காந்து பேசினவங்களுக்கு ஆறு மாசத்துல நல்லாவே கொறஞ்சிருந்துச்சு.

இதுல முக்கியமா கவனிக்க வேண்டியது, பாட்டிங்கள சும்மா உக்கார வைக்கல. முறையா பயிற்சி, மேல பாக்க ஆளு, முத்தின கேஸ்னா யார்கிட்ட அனுப்பணும்னு தெளிவான வழி. அந்த வழி இல்லாம தன்னார்வலர்கள மட்டும் எறக்கிவிட்டா அவங்களும் உடைஞ்சு போவாங்க. மாடிப்படி, நீங்க அந்த பையனோட கதைய எழுதினீங்க, அந்த ஏழு வாரம் நீங்க எப்படி தூங்குனீங்கனு எழுதல.

மாடிப்படி

சிஸ்டர், சரியா தூங்கல. தெனமும் அவன் வர்ற நேரத்துக்கு கேட்டயே பாத்துட்டு நிப்பேன். அஞ்சு நிமிஷம் லேட்டானா வயித்த பெசையும். யார்கிட்ட சொல்றதுனும் தெரியல.

இருட்டுவராண்டா

ஏன் எல்லாரும் நேர்ல போறதயே பேசுறீங்க, ஆன்லைன்ல பேசலாமே, சாட், வீடியோ கால் எல்லாம் இருக்கு, பஸ்ஸும் வேணாம் யாருக்கும் தெரியவும் தெரியாது. எனக்கு அதுதான் உதவுச்சு.

கடைசிபஸ்

உனக்கு தனி ரூம் இருக்கா? கோவமா கேக்கல, உண்மையா கேக்குறேன். எங்க வீட்டுல ஒரே ரூம், நாலு பேர். என் தங்கச்சி ஆன்லைன் கவுன்சிலிங்க மொட்டைமாடி தண்ணி தொட்டி பின்னாடி நின்னு பேசினா. மூணாவது தடவ யாரோ துணி எடுக்க வந்துட்டாங்க, பாதில கட் பண்ணிட்டா. அப்புறம் பண்ணவே இல்ல.

இருட்டுவராண்டா

இல்ல ப்ரோ இத நான் யோசிக்கல. எனக்கு ரூம் இருந்துச்சு. சரி அப்போ நூலகம், சமுதாய கூடத்துலலாம் கதவு மூடுற மாதிரி ஒரு சின்ன ரூம், ஒரு நாற்காலி, நல்ல நெட், ஒரு மணி நேரத்துக்கு புக் பண்ணிக்கலாம்னு வச்சா? எதுக்குனு கேக்கக்கூடாது, படிக்கவும் பயன்படுத்தலாம். ஆன்லைன் கவுன்சிலர் வேற ஊர்ல இருந்தாலும் பரவால்ல அப்போ.

நாலாவதுபீரியட்

இது ரொம்ப நல்ல யோசனை. நூலக ரூம் எனக்கு எப்படி வேலை செஞ்சுதோ அதே கதைதான். வாடகை இல்லாம நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

வரிகட்டுறவன்

தொடர்ந்து படிச்சிட்டு வரேன். என் மொத பதிவுல சொன்ன வடிகால் இன்னும் அப்படியேதான் இருக்கு, அத விட்டுக்குடுக்க மாட்டேன். ஆனா இங்க நீங்க கேக்குற பல விஷயத்துக்கு பணமே பெருசா இல்லனு இப்போ புரியுது. ரூம் மாத்துறது, நேரம் மாத்துறது, பஸ் ஒரு ட்ரிப் நீட்டுறது.

ஒரு சந்தேகம். ஐஸ்லாந்துல பசங்க குடிக்கிறத பெருசா கொறச்சிட்டாங்கனு எங்கயோ படிச்சேன், அது உண்மையா?

கணக்குப்பாக்குறவ

உண்மைதான் சார். 15, 16 வயசு பசங்கள்ல கடந்த ஒரு மாசத்துல போதையாகுற அளவுக்கு குடிச்சவங்க 1998ல நூத்துக்கு 42 பேர், 2016ல 5 பேர். தெனமும் சிகரெட் புடிக்கிறவங்க 23லேருந்து 3 ஆச்சு. அவங்க பண்ணது குடிக்காதனு பேனர் வைக்கிறது இல்ல. ஸ்கூல் விட்டதுக்கு அப்புறம் இசை, விளையாட்டு, நடனம்னு முறையான பயிற்சி, அதுக்கு ரேக்யவிக் நகரம் ஒவ்வொரு பிள்ளை பேர்லயும் குடும்பத்துக்கு தொகை குடுக்குது, பணம் இல்லாத வீட்டு பிள்ளையும் சேரலாம். பெத்தவங்க ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சு வச்சிக்கிட்டு ராத்திரி சேந்து தெருவுல நடந்து பாத்தாங்க. ஒழுங்கா சர்வே எடுத்து, அந்தந்த பள்ளிக்கூடத்துக்கு அவங்க பசங்க நெலம என்னனு கொஞ்ச வாரத்துலயே திருப்பி குடுத்தாங்க. சின்ன நாடு, ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்ச ஊர், அதனால அப்படியே தூக்கிட்டு வர முடியாது. ஆனா அந்த சர்வேய திருப்பி குடுக்குறது மட்டும் எந்த ஊர்லயும் பண்ணலாம். இங்க எடுக்குற சர்வேலாம் எங்க போகுதுனே யாருக்கும் தெரியாது.

மாடிப்படி

எல்லாரும் சொன்னத வச்சு ஒரு கடிதம் எழுதிட்டேன், ரெண்டு பக்கம்தான், அதுக்கு மேல படிக்க மாட்டாங்கனு தெரியும். அரங்கத்த வேணாம்னு சொல்லல. மொத வரியே இதுதான்: உதவி கேக்குற பிள்ளைக்கு நம்பர் எழுதி குடுக்குறதோட யாரும் நிறுத்தக்கூடாது, அவன் அடுத்த ஆள நேர்ல பாக்குற வரைக்கும் கூட இருக்க பேர் சொல்லி ஒரு ஆள் பொறுப்பு, காத்திருக்குற வாரங்கள்ல வாரம் ஒரு தடவையாவது அந்த ஆள் பிள்ளைகிட்ட பேசணும், அந்த ஆள தாங்கிப்புடிக்க மேல ஒருத்தர். அதுக்கு கீழ சாயங்கால நேரம், பஸ், நூலக ரூம், 18ல வெட்டாம 25 வரைக்கும், பசங்களுக்கே வகுப்புல அந்த அஞ்சு மணி நேரம், கோச் மாதிரி ஆளுங்களுக்கு முதலுதவி பயிற்சி, பெத்தவங்களுக்கும் பேச ஒரு எடம். வருஷா வருஷம் எத்தன நிகழ்ச்சி நடத்துனோம்னு எண்ணாம, கேட்ட நாள்லேருந்து பாத்த நாள் வரைக்கும் எத்தன நாள் ஆச்சுனு எண்ண சொல்லியிருக்கேன்.

ஆனா ஒரு பிரச்சன. கருத்துக்கேட்பு கூட்டம் செவ்வாய்க்கெழம காலைல 11 மணிக்கு வச்சிருக்காங்க.

கடைசிபஸ்

11 மணிக்கா?? எங்களுக்கு கிளாஸ் அண்ணா. யாருக்காக அந்த கூட்டம்?

வரிகட்டுறவன்

எங்க வார்டு உறுப்பினர எனக்கு தெரியும், வடிகாலுக்காக ரெண்டு வருஷமா அலையுறதுல பழக்கம். நேரத்த மாத்த சொல்லி நாளைக்கு நேர்ல போய் கேக்குறேன். எழுத்துல குடுத்தா நல்லது, மாடிப்படி ஒரு கையெழுத்து போட்டு அனுப்புங்க.

ரெண்டுபிள்ளைங்கஅம்மா

என் கையெழுத்தும் போட்டுக்கோங்க. எங்க அடுக்குமாடில இன்னும் பதினாலு பேர்கிட்ட வாங்கி தரேன். எதுக்குனு கேட்டா என் பொண்ணு விஷயத்தையே சொல்லுவேன், அவகிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டா.

வரிகட்டுறவன்

மாத்திட்டாங்க. சனிக்கெழம சாயங்காலம் ஆறு மணி, அதே எடம். முடிய எட்டு ஆகுமாம். கடைசிபஸ் தம்பி, எட்டரை பஸ்ஸ விட்டுடாதீங்க, விட்டுட்டா என் வண்டில நாலு பேர் வரலாம், அந்த மெயின் ரோட்டுக்கு உள்ளேயும் கொண்டு வந்து விடுறேன்.

மாடிப்படி

ரொம்ப நன்றி சார். சனிக்கெழம அஞ்சரைக்கு கூடத்துல சேந்து போவோம்.

அந்த பையன பத்தி சிலர் தனியா கேட்டிருந்தீங்க. தூங்குறான். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ அந்த மையத்துக்கு போறான், இப்போ தனியாவே. நேத்து இந்த இழைய காமிச்சேன், அவன பத்தி எழுதினத விடவானு கேட்டதுக்கு இருக்கட்டும்னான். கூட்டத்துக்கு வரேன், ஆனா பேச மாட்டேன், பின்னாடி உக்காந்துப்பேன்னு சொல்லியிருக்கான். கடைசிபஸ், அவன் பக்கத்துல நீ உக்காருவியா?

கடைசிபஸ்

உக்காருறேன் அண்ணா. நானும் மேடை ஏற மாட்டேன், உக்காந்த எடத்துலேருந்தே பஸ் பத்தி மட்டும் கேப்பேன்.